இடைப்புள்ளியா, நேர்ப்புள்ளியா: காந்தச் சுழிகளைத் தேட எந்தப் படிகம்?

போன வாரம் பக்கத்து வீட்டுத் தங்கச்சி ஒரு துண்டுச் சீட்டோடு வந்தாள். முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. அவளுடைய வழிகாட்டி நான்கு சேர்மங்களின் பெயரை எழுதிக் கொடுத்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். "அக்கா, நாலுமே நல்லாத்தான் இருக்கு. எத எடுக்கட்டும்?" என்று கேட்டாள். எங்கள் தண்டையார்பேட்டைத் தெருவில் இயற்பியலில் ஆராய்ச்சிக்குப் போனவர்கள் நானும் அவளும்தான். இந்த வகைப் படிகங்களோடு நான் ஆறு வருடம் மல்லுக்கட்டியிருக்கிறேன். அவளுக்குச் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன். இதே சீட்டோடு நிற்கும் வேறு பிள்ளைகளுக்கும் உதவட்டும்.

சீட்டில் இருந்த நான்கு: இரண்டு கடோலினியம், ஒரு பலேடியம், மூன்று சிலிக்கான் சேர்ந்தது ஒன்று. ஒரு கடோலினியம், இரண்டு ருத்தேனியம், இரண்டு சிலிக்கான் சேர்ந்தது இன்னொன்று. மூன்றாவது, ஒரு யூரோப்பியத்துக்கு நான்கு அலுமினியம். கடைசியாக, ஒரு டிஸ்ப்ரோசியத்துக்கு மூன்று டெலூரியம். நான்குமே அருமண் தனிமம் அடுக்கடுக்காக அமர்ந்திருக்கும் உலோகச் சேர்மங்கள். நான்கிலும் அணுக்காந்தங்கள், அதாவது ஸ்பின்கள், ஒரே பக்கம் பார்த்து நிற்காமல் சுருண்டு வளைந்து ஒரு வடிவம் போடுகின்றன. தேர்வுக்கு முன்னால் அந்த வடிவம் எப்படி வருகிறது என்பதைப் பார்த்துவிடலாம்.

அவளுக்குக் கோலத்தை வைத்துத்தான் சொன்னேன். மார்கழியில் எங்கள் தெரு முழுக்கக் கோலம்தான். நேர்ப்புள்ளியில் வரிசைக்கு நேர் கீழே வரிசை வரும், சதுரம் சதுரமாக. இடைப்புள்ளியில் இரண்டு புள்ளிக்கு நடுவே அடுத்த வரிசைப் புள்ளி விழும், முக்கோணம் முக்கோணமாக. பலேடியம் சேர்மத்தில் கடோலினியம் அணுக்கள் இடைப்புள்ளியில் இருக்கின்றன. ருத்தேனியம் சேர்மத்திலும் யூரோப்பியம் சேர்மத்திலும் அருமண் அணுக்கள் நேர்ப்புள்ளியில் இருக்கின்றன. புள்ளி எப்படியோ, போடக்கூடிய கோலமும் அப்படி. இந்த இடம் அவளுக்கு உடனே பிடிபட்டுவிட்டது.

அருமண் அணுவின் காந்தம் 4எஃப் எலெக்ட்ரான்களில் இருக்கிறது. அவை அணுவுக்குள் ஆழமாக இருப்பதால் பக்கத்து அணுவின் 4எஃப் எலெக்ட்ரானை நேரடியாகத் தொடுவதே இல்லை. உலோகத்துக்குள் ஓடித்திரியும் கடத்தும் எலெக்ட்ரான்கள்தான் இங்கிருந்து அங்கே சேதி கொண்டுபோகின்றன. 1954 முதல் 1957 வரை ரூடர்மேன், கிட்டல், கசுயா, யோசிதா ஆகியோர் இதைக் கணக்கிட்டார்கள். அந்தச் சேதி தூரத்துக்குத் தகுந்தபடி மாறிக்கொண்டே இருக்கும். பக்கத்து அணுவிடம் "என்னைப் போலவே நில்" என்று சொன்னால், கொஞ்சம் தள்ளி இருப்பதிடம் "எனக்கு எதிராக நில்" என்று சொல்லும். எல்லோருடைய பேச்சையும் ஒரே நேரத்தில் கேட்க முடியாத ஸ்பின்கள், சற்றுச் சற்றாகத் திரும்பிச் சுருளாக நிற்கின்றன.

இடைப்புள்ளியில் அறுபது பாகை விட்டு மூன்று திசைகள் சமமானவை. மூன்று திசையிலும் சுருள்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் சின்னச் சின்னச் சுழிகள் தேன்கூடுபோல் நெருங்கி அடுக்கிக்கொள்ளும். நேர்ப்புள்ளியில் இரண்டு திசைகள், அதனால் சுழிகள் சதுரமாக அடுக்கிக்கொள்ளும். ஒவ்வொரு சுழியின் நடுவிலும் ஸ்பின் கீழே பார்க்கும், ஓரத்தில் மேலே பார்க்கும், இடையில் எல்லாப் பக்கமும் ஒருமுறை திரும்பிவிடும். இதைத்தான் ஸ்கைர்மியான் என்கிறோம். அணுக்கரு இயற்பியலுக்காக 1960களின் தொடக்கத்தில் டோனி ஸ்கைர்ம் போட்ட கணக்கிலிருந்து வந்த பெயர்.

காந்தப் பொருளில் இது முதன்முதலில் உறுதியானது 2009இல், மாங்கனீசு சிலிக்கான் சேர்மத்தில். ஜெர்மனியில் மியூனிக் அருகே நியூட்ரான் சிதறல் மூலம் பார்த்தார்கள். ஆனால் அந்தப் படிகத்துக்கு இடக்கை வலக்கை வேறுபாடு உண்டு. படிகத்தின் அந்த ஒருபக்கச் சாய்வே ஸ்பின்களைத் திருப்பிவிட்டது. சுழியின் அளவு சுமார் 18 நானோமீட்டர். நம் நான்கில் முதல் மூன்றுக்கும் அந்தச் சாய்வு கிடையாது. எதிரெதிர் பக்கம் புரட்டினாலும் படிகம் அதேதான். அப்படியும் சுழி வருகிறது, அதுவும் 1.9 முதல் 3.5 நானோமீட்டருக்குள். எதனால் வருகிறது என்பதில்தான் இன்னும் சண்டை. அணுக்களுக்கிடையிலான இழுபறியே போதும் என்பது ஒரு கட்சி. கடத்தும் எலெக்ட்ரான்கள் நான்கு நான்கு ஸ்பின்களை ஒரே நேரத்தில் பிணைத்தால்தான் ஆகும் என்பது இன்னொரு கட்சி. முடிவாகாத கேள்வி இருக்கும் இடத்தில்தான் புதிதாக வரும் பிள்ளைக்கு வேலை இருக்கிறது.

ஒரு சின்ன விஷயத்தை அவளுக்கு நேரிலேயே காட்டினேன். என்னிடம் சுண்டுவிரல் நகம் அளவில் கடோலினியம் உலோகத் துண்டு ஒன்று இருக்கிறது. கடோலினியம் தன் இரும்புக் காந்தக் குணத்தை 293 கெல்வினில், அதாவது 20 டிகிரி செல்சியசில், இழந்துவிடும். சென்னையில் அந்த அளவுக்குக் குளிர்வது அபூர்வம். கறுப்புக் காந்தத்தில் ஒட்டிப் பார்த்தோம், நிற்கவில்லை. காசிமேட்டிலிருந்து மீன் வந்த தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் மிச்சம் இருந்தது. ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு ஐசுக்குள் பத்து நிமிடம் புதைத்து எடுத்தேன். இப்போது காந்தத்தில் பிடித்துக்கொண்டது. கையில் தூக்கிப் பிடித்தபடியே பேசிக்கொண்டிருந்தோம். வெக்கை ஏற ஏறக் கொஞ்ச நேரத்தில் அது தானாகக் கழன்று தரையில் விழுந்தது. அவள் அதை எடுத்து மறுபடியும் ஐசுக்குள் வைத்தாள்.

சரி, தேர்வுக்கு வருவோம். பலேடியம் சேர்மத்திலிருந்து தொடங்குகிறேன், அது என் மனசுக்குப் பிடித்தது. அதற்குக் காரணம் உண்டு. 2019இல் ஜப்பானியக் குழு ஒன்று இதில் ஸ்கைர்மியான் அடுக்கு இருப்பதை அறிவித்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் இந்தப் படிகத்தில் ஏதோ விசேஷம் இருக்கிறது என்பதை 1990களின் கடைசியிலேயே மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஈ. வி. சம்பத்குமாரன் குழு பார்த்துவிட்டது. காந்த ஒழுங்கு வருவதற்கு முன்பே மின்தடை ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறுவதை 1998இல் எழுதினார்கள். 1999இல் ஜப்பானியர்களோடு சேர்ந்து ஒற்றைப் படிகத்தில் அளந்தபோது ஹால் விளைவிலும், அதாவது காந்தப்புலத்தில் மின்னோட்டத்துக்குக் குறுக்கே எழும் மின்னழுத்தத்திலும், வழக்கத்துக்கு மாறான நடத்தை தெரிந்தது. ஸ்கைர்மியானைக் காந்தத்தில் யாரும் பார்த்திராத காலம் அது. இருபது வருடம் கழித்துத்தான் அந்த வளைகோட்டுக்குப் பெயர் கிடைத்தது. தான் அளந்ததை உள்ளபடி எழுதி வைத்தால் காலம் கழித்தாவது அது பேசும் என்பதற்கு இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியாது.

அந்த ஹால் விளைவு ஏன் இவ்வளவு பெரிதாக வருகிறது? ஸ்பின்கள் ஒரே தளத்தில் இல்லாமல் முழுச் சுற்றுத் திரும்பும் இடத்தின் வழியாக எலெக்ட்ரான் போகும்போது அதன் ஸ்பின்னும் கூடவே திரும்புகிறது. அந்தத் திருப்பம் எலெக்ட்ரானுக்கு ஒரு காந்தப்புலம்போலவே தெரிகிறது. ஒவ்வொரு சுழிக்கும் ஒரே அளவு காந்தப்பாயம், அதாவது அதன் வழியே போகும் மொத்தப் புலம். ஆகவே சுழி சிறிதாகச் சிறிதாக அந்தப் புலம் பெருகும். மாங்கனீசு சிலிக்கானில் கணக்கிட்டால் பத்து டெஸ்லாவை ஒட்டி வரும், டெஸ்லா என்பது காந்தப்புலத்தின் அலகு. பலேடியம் சேர்மத்தில் சுருளின் நீளம் சுமார் 2.4 நானோமீட்டர், அதாவது ஏறக்குறைய ஆறு புள்ளிக்கு ஒரு சுருள். அங்கே அதே கணக்கு சில நூறு டெஸ்லாவுக்குப் போகிறது. உலகத்தின் எந்த நிலையான காந்தமும் தராத அளவு. மாதிரிக்கு நாம் வெளியிலிருந்து கொடுப்பதோ ஒரு டெஸ்லாவை ஒட்டிய புலம்தான். சுமார் 20 கெல்வினுக்குக் கீழே குளிர்வித்தால் போதும்.

இவ்வளவு நல்லது இருந்தும் இதை முதல் தேர்வாக எடுக்கவேண்டாம் என்றுதான் அவளிடம் சொன்னேன். ஒற்றைப் படிகம் வளர்ப்பது பெரிய வேலை. வில் உலையில் உருக்கி, பிறகு உருகிய திரவத்திலிருந்து மெல்ல இழுத்தோ, கம்பியின் ஒரு சிறு பகுதியை மட்டும் உருக்கி நகர்த்தும் மிதவை மண்டல உலையில் வைத்தோ வளர்க்கவேண்டும். அந்த உலை கைவசம் இல்லாத ஆய்வகத்தில் இருப்பவள், படிகத்துக்காக இன்னொருவர் வாசலில் வருடக்கணக்கில் நிற்கவேண்டி வரும். எனக்கு அந்த அனுபவம் உண்டு. வெளியே ஓர் ஆய்வகத்துக்கு எழுதி, அவர்கள் அனுப்புவதாகச் சொல்லி, பதினாலு மாதம் காத்திருந்தேன். வந்த படிகத்தில் பாதிக்குமேல் விரிசல். அந்தக் காலத்தை யாரும் திருப்பித் தர மாட்டார்கள்.

கடோலினியத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஸ்பின் வடிவத்தைப் பார்க்க நியூட்ரான்தான் நேர்வழி. நம் நாட்டில் மும்பை டிராம்பேயில் துருவா என்ற ஆராய்ச்சி அணு உலை இருக்கிறது. ஆனால் கடோலினியம் நியூட்ரானைத் தின்றுவிடும். இயற்கைக் கடோலினியத்தின் உறிஞ்சும் அளவு, பார்ன் என்ற அலகில், சுமார் 49,700. யூரோப்பியம் சுமார் 4,500. டிஸ்ப்ரோசியம் சுமார் 1,000. அணு உலைகளில் நியூட்ரானை விழுங்குவதற்கென்றே கடோலினியம் கலக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். உறிஞ்சாத ஐசோடோப்பை விலை கொடுத்து வாங்கலாம். அல்லது சின்க்ரோட்ரான் என்ற பெரிய முடுக்கி நிலையத்தில் கடோலினியத்துக்கு இசைந்த ஆற்றலில் எக்ஸ் கதிர் பாய்ச்சிப் பார்க்கலாம். 2019இல் அப்படித்தான் பார்த்தார்கள். அதற்கு விண்ணப்பம், நேரம் ஒதுக்கீடு, விசா என்று தனிப் பாடு.

ருத்தேனியம் சேர்மத்துக்கும் மேலே சொன்ன இரண்டு தொல்லையும் உண்டு, உலையும் சரி, நியூட்ரானும் சரி. ருத்தேனியம் 2,300 டிகிரி செல்சியசுக்கு மேல் உருகுவது. சாதாரண உலையில் அதை அசைக்க முடியாது. ஆனால் இதன் நல்ல பக்கம் தனி. சுமார் 46 கெல்வினிலேயே காந்த ஒழுங்கு வந்துவிடுவதால், திரவ ஹீலியம் இல்லாமல் மூடிய சுற்றுக் குளிர்விப்பானிலேயே தொடக்க அளவீடுகளைச் செய்யலாம். 2020இல் இதில் சதுர அடுக்கில் 1.9 நானோமீட்டர் சுழிகள் வெளிவந்தன, 2 டெஸ்லா சொச்சப் புலத்தில். அதே வருடம் ஊசிமுனை நுண்ணோக்கியால் இதன் மேற்பரப்பைத் தடவிப் பார்த்தவர்களுக்கு, எலெக்ட்ரான் அடர்த்தியிலேயே காந்த வடிவத்தின் நிழல் தெரிந்தது. சுழி இவ்வளவு சின்னதாக இருந்தும் ஹால் விளைவில் சுழிகளால் வரும் கூடுதல் பங்கு சிறியதாகவே இருக்கிறது. எலெக்ட்ரான்களும், எலெக்ட்ரான் இல்லாத காலியிடங்களான துளைகளும் எதிரெதிராக இழுப்பதை எப்படிப் பிரிப்பது என்று யோசிக்கப் பிடித்தவர்களுக்கு இது விருந்து. கூட்டமும் அதிகம். பெரிய குழுக்கள் எல்லாம் இதில் இறங்கிவிட்டன.

டிஸ்ப்ரோசியம் டெலூரியம் சேர்மம் மற்ற மூன்றுக்கும் தூரத்து உறவு. இதில் அடுக்குகளை ஒட்டுவது பலவீனமான வாண்டர்வால்ஸ் பிணைப்பு. ஒட்டும் நாடா வைத்து உரித்தால் அப்பளம்போல் தகடு தகடாக வரும். பளபளவென்று பொன்னிறம். நடுவில் டெலூரியம் சதுரத் தளம், அதில் சுமார் 306 கெல்வினில் எலெக்ட்ரான்கள் அலையாக அடர்ந்து ஒழுங்குபடுகின்றன. மின்னூட்ட அடர்த்தி அலை என்பார்கள். 306 கெல்வின் என்றால் 33 டிகிரி. சென்னை மத்தியான வெயிலில் மேசைமேல் வைத்திருக்கும் படிகம் அந்த எல்லையைத் தாண்டியும் திரும்பியும் வந்துகொண்டிருக்கும். 4 கெல்வினுக்குச் சற்றுக் கீழே ஸ்பின்கள் கூம்பு வடிவச் சுருளாக நிற்பதை 2024இல் நியூட்ரான் மூலம் காட்டினார்கள். அடர்த்தி அலை அந்தச் சுருளோடு பின்னியிருக்கிறது என்பதுதான் அதில் அழகு. டிஸ்ப்ரோசியம் கடோலினியம் மாதிரி உருண்டையான அணு அல்ல, தனக்கென்று பிடித்த திசை உடையது. அதனால் இங்கே கோலத்தின் விதிகளே வேறு.

ஒரே குறை, ஈரம். எண்ணூர்ப் பக்கமிருந்து வரும் கடல் காற்று இந்தப் படிகத்துக்குப் பகை. என் இரண்டாம் வருட ஐப்பசி மழையில், இதே குடும்பத்துப் படிகம் ஒன்றை வெற்றிடப் பெட்டியில் வைக்காமல் சாதாரண மாதிரிப் பெட்டியில் மூடி வைத்துவிட்டு ஊருக்குப் போனேன். திரும்பி வந்து திறந்தபோது பொன்முகம் போய்ப் பழைய பித்தளைப் பாத்திரம்போல் மங்கிக் கிடந்தது. மேல் தகட்டை உரித்து எறிந்தால் உள்ளே நன்றாகத்தான் இருந்தது. மெல்லிய தகடாக உரித்துக் கருவி செய்ய நினைத்தால் அந்த வசதி கிடையாது, ஆர்கான் நிரப்பிய கையுறைப் பெட்டி வேண்டும். அது இருக்கிறதா என்று வழிகாட்டியிடம் முதலில் கேட்கச் சொன்னேன். அப்புறம் திரவ ஹீலியத்தின் ஆவியையும் பம்ப் வைத்து உறிஞ்சிக் குளிர்வித்தால்தான் 4.2 கெல்வினுக்குக் கீழே போக முடியும்.

ஆக, என் வாக்கு யூரோப்பியம் அலுமினியத்துக்கு.

யூரோப்பியம் இதில் இரண்டு எலெக்ட்ரானை மட்டும் இழந்து நிற்பதால், அதன் 4எஃப் ஓட்டிலும் கடோலினியத்தில் இருப்பதுபோலவே ஏழு எலெக்ட்ரான்கள், ஏழும் ஒரே திசை. அதே உருண்டை அணு, அதே பெரிய காந்தம். ஆனால் வளர்ப்பது எவ்வளவோ எளிது. அலுமினியத்தை மிகையாகப் போட்டு, யூரோப்பியத்தை அதிலேயே கரைத்து, அலுமினா குரூசிபிளில் வைத்துக் குவார்ட்ஸ் குழாயில் அடைத்துச் சூடேற்றி மெல்லக் குளிர்விக்கவேண்டும். படிகங்கள் உருவானதும், அலுமினியம் இன்னும் திரவமாக இருக்கும்போதே குழாயை வெளியே எடுத்துத் தலைகீழாக்கிச் சென்ட்ரிஃப்யூஜில் சுற்றவேண்டும். சோறு வடிப்பது மாதிரிதான். கஞ்சி இறங்கிவிடும், பருக்கை நிற்கும். அலுமினியம் 660 டிகிரியில் உறைந்துவிடும் என்பதால் உலைக் கதவைத் திறந்ததிலிருந்து சுற்றத் தொடங்குவது வரை சில நொடிகள்தான். முதல் தடவை பயமாக இருக்கும். குழாயை உடைத்துப் பார்க்கும்போது வெள்ளி நிறத்தில் ஒரு முகம் மின்னும் பாருங்கள், அதற்காகவே இந்த வேலைக்கு வரலாம்.

யூரோப்பியத்தை மட்டும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளவேண்டும். அருமண் உலோகங்களிலேயே காற்றோடு மிக வேகமாக வினைபுரிவது அதுதான். வெளியே விட்டால் மஞ்சளாகிப் பொடிந்துவிடும். எண்ணெய்க்குள் வாங்கி, கையுறைப் பெட்டிக்குள் வெட்டி எடுக்கவேண்டும். சேர்மமாகிவிட்டால் அந்தத் தொல்லை பெரிதும் தீர்ந்துவிடும்.

இதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னதற்கு இன்னொரு காரணம், படிகம் நல்லதா என்று திரவ நைட்ரஜனிலேயே சோதித்துவிடலாம். இதிலும் மின்னூட்ட அடர்த்தி அலை உண்டு, சுமார் 145 கெல்வினில். மின்தடை வளைகோட்டில் அங்கே ஒரு திருப்பம் வரும். நைட்ரஜன் 77 கெல்வின் வரை போகும். ஆகவே ஹீலியத்துக்கு வரிசையில் நிற்பதற்கு முன்பே கெட்ட படிகத்தைக் கழித்துவிடலாம். ஹீலியம் கிடைக்கும் நாள் தங்கம், அன்றைக்குக் கெட்ட படிகத்தை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருக்கக் கூடாது.

சுமார் 15 கெல்வினில் தொடங்கி 10 கெல்வினுக்குள் நான்கு முறை காந்த நிலை மாறுகிறது. 2 டெஸ்லாவுக்குள் புலம் கொடுத்தால் சாய்சதுர அடுக்கும் சதுர அடுக்கும் என்று இரண்டு வகையில் 3.5 நானோமீட்டர் சுழிகள் வருகின்றன. 2022இல் இது உறுதியானது. யூரோப்பியத்தின் உறிஞ்சும் தன்மை கடோலினியத்தில் பத்தில் ஒரு பங்கு என்பதால் நியூட்ரானும் முடியாததல்ல, செய்திருக்கிறார்கள். அலுமினியத்தில் பாதிக்குக் காலியம் (Ga) என்ற தனிமத்தைப் போட்டால் இன்னொரு சேர்மம் வருகிறது, அதிலும் ஹால் விளைவில் கூடுதல் பங்கு பார்த்திருக்கிறார்கள். முழுவதும் காலியமாக்கினால் ஸ்பின்கள் எளிய எதிரெதிர் வரிசைக்கு வந்துவிடுகின்றன. ஆக, நடுவில் எங்கோ சுழி பிறக்கிறது, எங்கோ மறைகிறது. அடர்த்தி அலைக்கும் சுழிக்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்விக்கு அந்த வழியில் நடந்தே விடை தேடலாம். ஐந்து வருடத்துக்குப் போதுமான பாதை.

"அப்ப பலேடியம் வேணவே வேணாமாக்கா?" என்று கேட்டாள். முகம் கொஞ்சம் வாடியிருந்தது, சம்பத்குமாரன் குழுவின் கதை அவளையும் தொட்டுவிட்டது போல. வேண்டாம் என்று சொல்லவில்லை. யூரோப்பியத்தில் கை பழகி, ஹால் அளவீட்டில் மின்முனை பிசகாமல் ஒட்டத் தெரிந்த பிறகு, நல்ல படிகம் ஒன்றைக் கேட்டு வாங்கி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளக்கலாம். இடைப்புள்ளியும் நேர்ப்புள்ளியும் ஒரே ஆய்வேட்டில் வரும். வழிகாட்டிக்கும் பிடிக்கும் என்றே நினைக்கிறேன்.

அலமாரியைத் திறந்து 1999 கட்டுரையின் நகலை எடுத்துக் கொடுத்தேன். ஓரத்தில் நான் பென்சிலால் கிறுக்கியது அப்படியே இருக்கிறது. அவள் அதைப் பையில் வைத்துக்கொண்டு, போகும்போது ஐஸ் பெட்டியிலிருந்த கடோலினியத் துண்டையும் இரண்டு நாளைக்குக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.